ரம்பத்துக்கு வாய் பெருசு, மாப்ளே

மாப்ளே, நீ பெரிய ஆளு, ஒத்துக்கறன். ராசிபுரத்துத் தோட்டத்துல உக்காந்துக்கிட்டே பெங்களூர்க் கம்பெனிக்கு வேலை பாக்கற. மாட்டுக்கொட்டாயை வெள்ளையடிச்சுப் பட்டறையாக்கிட்ட. 10 இன்ச் டேபிள் சா ஒண்ணு வாங்கி, ஆயுத பூசைக்கு அதுக்குச் சந்தனம் குங்குமம் வெச்சுப் பொரிகடலையும் படைச்சாச்சு. மாடு நின்ன எடத்துல மிசின் நிக்குது. மாடாவது சாணி போட்டுச்சு, அது வேற கதை.

அம்மிணி பூசை அலமாரி கேட்டுச்சுன்னு மைக்கா ஒட்டுன பிளையை அறுத்த. மேல்பக்கம் பளிச்சுனு இருக்குது. திருப்பிப் பார்த்தா ஓரமெல்லாம் சிராய், கை வெச்சா ஏறுது. ஒடனே செல்லை எடுத்து நோண்டுன. 40 பல்லு பத்தாது, 80 பல்லு வேணும்னு எவனோ சொன்னான், வரவழைச்ச. அதுலயும் கீழ்ப்பக்கம் பிசிறு நிக்கவே இல்ல. இப்ப 100 பல்லுப் பிளேடு எங்க கெடைக்கும்னு என்னையக் கேக்கற.

பல்லு எச்சானா அறுப்பு நயமாகும், அதுல பொய்யில்ல. பிளேடு விக்கறவனும் புள்ளகுட்டிக்காரன், பொழைக்கட்டும். ஆனா இத்தனை நாளும் பல்லையே எண்ணிக்கிட்டிருக்கறியே, வாயை ஒருதடவையாச்சும் பார்த்தியா?

மேசையில பிளேடு எந்த ஓட்டை வழியா எந்திரிச்சு வருதோ, அதுதான் வாய். கம்பெனிக்காரன் அதுக்கு ஒரு தகடு போட்டு மூடி, பிளேடு வர்றதுக்கு நடுவால ஒரு பிளவு உட்டிருப்பான். பிளக்கைச் சுவத்துல இருந்து உருவிப் போட்டுட்டு, ஒத்த ரூவாக் காசைப் பிளேடுக்கும் தகட்டுக்கும் நடுவால நட்டமா உடு. டங்குனு உள்ள போயிரும். ரூவா போச்சேன்னு வெசனப்படாத, பிளேடுக்குப் போன கணக்குலயே அதையும் சேத்து எழுதிக்க.

இப்ப நாயத்தைக் கேளு. டேபிள் சாவுல உன்னையப் பார்த்த பக்கத்துல பல்லெல்லாம் மேலிருந்து கீழ எறங்குது. பலகையோட மேல்முகத்துல நொழைஞ்சு கீழ்முகத்துல வெளிய வருது. நொழையறப்ப நாருக்கு அடியில முழுப் பலகையும் தாங்கலா இருக்குது, வெட்டு சுத்தமா உழுகுது. வெளிய வர்றப்ப? கடைசி நாருக்குக் கீழ தாங்கறதுக்கு என்ன இருக்குது? உன்ற தகட்டோட சந்துதான் இருக்குது. தாங்கல் இல்லாத நாரைப் பல்லு வெட்டறதில்ல, பிச்சுக்கிட்டு வருது. பிளையோட மேல்தோலும் அடித்தோலும் பெரும்பாலும் ஒரு மில்லிகூடத் தேறாது. அதையும் நாருக்குக் குறுக்கால அறுத்தீன்னா கேக்கவே வேண்டாம். மைக்கா அதுக்கு மேல ரோசக்காரி, கீழ புடிமானம் இல்லைன்னா சில்லுச் சில்லாத் தெறிச்சுரும்.

ஆக, பல்லு பத்தலைன்னு நீ சொன்னது கால்வாசி சரி. மிச்ச முக்காவாசிக்கு நீ பணம் கட்டியிருக்கற.

சிராயோட போனா நான் இத்தனை நாயம் பேசவேண்டியதில்ல. ரெண்டு நூல் அகலத்துல ரீப்பர் சீவறன்னு வெச்சுக்க. அறுந்த குச்சி அந்தச் சந்துல தலையை உட்டு எறங்கும். எறங்குனது பிளேடுக்கும் தகட்டுக்கும் நடுவால சிக்கும். சிக்குனது அங்கயே கெடக்குமா? 10 இன்ச் பிளேடோட சுத்தளவு ஏறக்கொறைய 80 சென்டிமீட்டர். நிமிசத்துக்கு 4000 சுத்துன்னு போட்டா பல்லு மணிக்கு 190 கிலோமீட்டருக்கு மேல ஓடுது. சேலத்துல இருந்து ராசிபுரம், நாமக்கல் வழியாக் கரூர் போற 44-ஆம் நம்பர் ரோட்டுல எந்த லாரிக்கார டிரைவரும் கனவுலகூடத் தொடாத வேகம் அது. அந்த வேகத்துல குச்சி உன்ற வகுத்தைப் பார்த்துத் திரும்பி வரும். சோத்துக்கு முன்னால வந்தாலும் வலிக்கும், சோத்துக்குப் பின்னால வந்தாலும் வலிக்கும்.

இதுக்கு வைத்தியம், பிளேடு எத்தனை மொத்தமோ அத்தனைக்கு மட்டும் வாய் தொறந்த பலகை ஒண்ணு. ஜீரோ கிளியரன்ஸ் இன்சர்ட்னு நீ இங்கிலீசுல ஓதுவ, நான் வாய்ப்பலகைன்னு சொல்லிக்கறன். திருச்செங்கோட்டு மலைக்குப் போனியே, அர்த்தநாரீசுவரரைப் பார்த்தியா, இல்ல செல்பி எடுத்துட்டு எறங்கிட்டியா? பாதி ஆணு, பாதி பொண்ணு. ரெண்டுக்கும் நடுவால ஒரு மயிரிழை சந்து கண்டியா? பிளேடும் பலகையும் அப்பிடி நிக்கணும்.

அப்ப கம்பெனிக்காரன் ஏன் சந்து உட்டான், அவனுக்குப் புத்தி இல்லையான்னு கேப்ப. அவனைத் திட்டாத. நீ பிளேடைச் சாய்ச்சு 45 டிகிரியில அறுப்ப. ஒருத்தன் 2.4 மில்லி மெல்லிசுப் பிளேடு போடுவான், இன்னொருத்தன் ஒரு நூல் மொத்தத்துக்கு 3.2 மில்லி போடுவான். அத்தனை பேருக்கும் ஒரே தகடு போகணும்னா வாயை அகட்டித்தான் ஆகணும். உன்ற பிளேடு அவனுக்குத் தெரியாது. வட்ட ரம்பம் வெச்சு அறுக்கற மிசினுக்கு இங்கிலாந்துல சாமுவேல் மில்லர்னு ஒருத்தரு 1777-லயே காப்புரிமை வாங்கிட்டாரு. ஆனா உன்ற பிளேடுக்கு வாய் வெட்டறதுக்கு அவராலயும் ஆகாது. உன்ற பிளேடேதான் வெட்டணும். கடையில விக்கற ஜீரோ கிளியரன்ஸ் தட்டுகூட வாய் மூடித்தான் வரும், தொறக்கற வேலை உன்னுது.

நம்மூருக்கு இது புதுசா என்ன? லாரிக் கம்பெனி வெறும் சேஸை அனுப்பும். அதுக்குக் கூண்டு கட்டறது நாமக்கல்லுலயும் திருச்செங்கோட்டுலயும் இருக்கற பட்டறைங்க. முட்டை ஏத்தறவனுக்கு ஒரு கூண்டு, மாவு மூட்டை ஏத்தறவனுக்கு இன்னொண்ணு. சரக்கு என்னன்னு சேஸ் செஞ்சவனுக்குத் தெரியாது, கூண்டு கட்டறவருக்குத் தெரியும். மரக்கூண்டு போயி இரும்பு வந்துட்டாலும் அந்தப் பழக்கம் மட்டும் போகல. அந்த ஊருத் தண்ணியக் குடிச்சு வளந்துட்டு, பெட்டியில வந்த தகட்டைத் தொடாம வெச்சுக் கும்புடற பாரு, அதுதான் எனக்கு ஆறமாட்டேங்குது.

அதைவிட ஒரு வேடிக்கை சொல்றன். இந்தப் பலகை செய்யறதுக்கு அமெரிக்காக்காரன் வீடியோவை ராத்திரி முழுக்கப் பாக்கற. உன்ற சித்தப்பன் சேலத்துல அஸ்தம்பட்டிப் பக்கம் ஊடு கட்டறானே, அங்க ஒரு மத்தியானம் போயி நில்லு. கதவு ஜன்னல் வேலைக்கு வந்த ஆசாரி, கையில புடிச்சு அறுக்கற 7 இன்ச் ரம்பத்தைத் தலைகீழாக் கவுத்து, ஒரு பிளைத்துண்டுக்கு அடியில ஸ்க்ரூ வெச்சு முடுக்கியிருப்பாரு. நாலு ரீப்பர் காலு. மேல ஒரு நேர்க்கட்டையை ரெண்டு சி கிளாம்ப்ல புடிச்சிருப்பாரு, அதுதான் ஃபென்ஸு. பிளேடு வெளிய வர்றதுக்கு ஓட்டை போட்டாரான்னு பாரு. போடல. மிசினை ஓட உட்டு மெதுவா ஏத்துனாரு, பிளேடே பிளையை அறுத்துக்கிட்டு வெளிய வந்துருச்சு. பிளேடு மொத்தத்துக்குத்தான் வாய். உன்ற பளபளா மிசினுல இல்லாத ஜீரோ கிளியரன்ஸு அந்த அழுக்குப் பிளைத்துண்டுல மொதல் நாள்ல இருந்தே இருக்குது. அவருக்கு அந்தப் பேருகூடத் தெரியாது. அவரு அறுத்த மைக்காவோட அடிப்பக்கத்தை வெரலால தடவிப் பாரு, அப்புறம் ஊட்டுக்கு வந்து உன்றதையும் தடவிப் பாரு. பஞ்சு கொண்டு போ.

நாள்பட நாள்பட பிளேடு அலைஞ்சு அலைஞ்சு அந்த வாயும் அகலும். கெட்டிக்கார ஆசாரி மேல 4 மில்லி பிளைத்துண்டு ஒண்ணைப் போட்டு அடிச்சு, மறுக்கா பிளேடை ஏத்துவாரு. வாய் புதுசாயிரும். நாயம் அவ்வளவுதான்.

ஆனா அந்த மேசையைப் பார்த்து ஒட்டுக்கா மயங்கிராத. பிளேடுக்குப் பின்னால நிக்கற தகடு அதுல இல்ல, ரைவிங் நைஃபுன்னு உன்ற மிசினோட வந்துச்சே, அது. மேல மூடி இல்ல. சுவிட்சை அமுக்கியே இருக்கறாப்பல டேப் சுத்தியிருக்கும், நிறுத்தணும்னா பிளக்கைத் தேடிக்கிட்டு ஓடணும். அந்த வேலையில வெரல் போனவங்க எல்லா ஊருலயும் இருக்கறாங்க. வாய்ச் சங்கதியை மட்டும் அங்க கத்துக்க. மிச்சத்துக்கு மிசினோட வந்த புஸ்தகத்தைப் படி. பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காம டிராயர்ல போட்டு வெச்சிருக்கற, நான் பார்க்கலைன்னு நெனைச்சுக்காத.

பலகைக்கு என்ன போடறது? மொதல்ல கம்பெனித் தகட்டைக் கழட்டி, அது உக்காந்திருந்த பள்ளம் எத்தனை ஆழம்னு அள. பெரிய மிசின்னா 12 மில்லி பிளை தாராளமா உக்காரும். உன்றது மாதிரி தூக்கிட்டுப் போற மிசின் பலதுல அந்தத் தகடு 3 மில்லிதான் இருக்கும், உக்காரப் பள்ளமே இருக்காது. அதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, 12 மில்லி பிளையோட ஓரத்தை அடியில சுத்திச் சீவி, ஓரம் மட்டும் 3 மில்லி நிக்கறாப்பல பண்ணலாம். இன்னொண்ணு ஹைலம் சீட்டு. அந்தக் காலத்துல சுவிட்ச் போர்டுக்கு மேல போட்டாங்களே, காப்பிக் கலர்ல, அதேதான். எலக்ட்ரிக் கடையில கேளு. வழுவழுன்னு இருக்கும், மழைக்கு ஊறாது.

பிளைன்னா 710 கிரேடு தண்ணிக்குத் தாங்கறது போடு, நடுவுல ஓட்டை இல்லாத துண்டாப் பொறுக்கு. எம்டிஎஃப் கையில இருந்தாலும் ஆகும். ஆனா ஐப்பசி மழையில உப்பிக்கிட்டு ஓட்டையை உட்டு வரமாட்டேன்னு அடம்புடிக்கும். ஏற்காட்டுல காப்பிச்செடிக்கு நெழலுக்கு நிக்கற சில்வர் ஓக்குல ஒரு பலகை கெடக்குது மாமா, அது ஆகுமான்னு கேப்ப. எந்த மரமானாலும் ஒத்தைப் பலகை மழைக்கு ஊறும், மாசிக்குச் சுருங்கும், இடையில வளையவும் செய்யும். தேக்குலயே செஞ்சறலாமா? செய்யி, யாரு வேண்டாங்கறா. செவ்வாப்பேட்டையில வெள்ளிப்பட்டறைக்காரங்க இருக்கறாங்க, ஓரத்துக்கு ஒரு கொலுசும் கட்டிக்க.

கம்பெனித் தகட்டை ரெட்டைப்பக்க டேப்பால பிளை மேல ஒட்டு. பென்சில்ல சுத்திக் கோடு போட்டு, கோட்டுக்கு வெளிய அரை நூல் உட்டு ஜிக்சாவுல அறு. ரூட்டர் வெச்சிருக்கறியே, நம்ம ஊட்டு மோட்டார் ரூம்புல பொட்டி பிரிக்காம, அதுல பேரிங் வெச்ச பிட்டைப் போட்டுச் சுத்தி வந்தீன்னா தகட்டு உருவம் அப்பிடியே வந்துரும். ரூட்டர் இல்லாதவனுக்கு அரமும் உப்புத்தாளும் இருக்குது, சித்த நேரம் எச்சா ஆகும், அவ்வளவுதான். முன்பக்கமா, பிளேடு வர்ற கோட்டை உட்டுத் தள்ளி, வெரல் நொழையற ஓட்டை ஒண்ணு போடு. இல்லைன்னா அதை வெளிய எடுக்கறதுக்கு ஸ்க்ரூடிரைவரால நெம்பி மேசை ஓரத்தைச் சொரண்டி வெப்ப. பலகை கையில அமுக்குனா உக்காரணும், வெரல் கோத்து இழுத்தா வரணும். பக்கவாட்டுல ஆடக்கூடாது.

அப்புறம் மட்டம். இதுலதான் நீ அவசரப்படுவ, எனக்குத் தெரியும். பலகையில நாலு மூலைக்கும் மரை போட்டு நாலு சின்ன ஸ்க்ரூ எறக்கு. ஸ்க்ரூ அடியில இருக்கற விளிம்புல உக்காரும், திருகத் திருகப் பலகை ஏறும் எறங்கும். ஸ்டீல் ஸ்கேலை நெட்டக்குத்தலா மேசை மேல வெச்சுப் பலகைக்கு ஓட்டு. முன்னால பலகை மேசையை உட்டு மேட்டுல நின்னா அறுக்கற கட்டை முட்டும். பின்னால பள்ளத்துல நின்னா, கட்டை பலகையை உட்டு எறங்கறப்ப மேசை ஓரத்துல முட்டும். முட்டுனதும் நீ என்ன பண்ணுவ? பலம் போட்டுத் தள்ளுவ. பிளேடுக்குப் பக்கத்துல கை வெச்சுக்கிட்டுப் பலம் போடற நாயத்தை நான் விவரிக்கவேண்டியதில்ல.

பின்பக்க விளிம்புல ஒரு சின்ன ஆணியோ பின்னோ நீட்டிக்கிட்டு நிக்கட்டும், அது மேசையோட உதட்டுக்கு அடியில போய்ப் புடிச்சுக்கும். ஏன்னா பிளேடோட பின்பக்கப் பல்லு கீழ இருந்து மேல ஏறுது. லேசாக் கோத்துக்கிச்சுன்னா பலகையைத் தூக்கி உன்ற மூஞ்சிக்கு வீசும். கம்பெனித் தகட்டைத் திருப்பிப் பாரு, அவனும் ஏதாச்சும் ஒரு கொக்கியோ ஸ்க்ரூவோ வெச்சிருப்பான். அதை அழகுக்கு வெச்சான்னு நெனைச்சுக்காத.

இனித்தான் கலியாணம். பிளேடை எத்தனை கீழ எறக்குனாலும் 10 இன்ச் பிளேடோட உச்சி சில மிசினுல பலகையோட அடியைத் தொட்டுக்கிட்டே நிக்கும், பலகை உக்காரவே உக்காராது. அதை அடிச்சு உக்கார வெச்சு சுவிட்சைப் போடறவங்களும் இருக்கறாங்க, அவங்க ஊட்டுக்கு ஒரு நாள் நலம் விசாரிக்கப் போகவேண்டி வரும். நீ பலகைக்கு அடியில பிளேடு வர்ற கோட்டுல ரூட்டரால ஒரு பள்ளம் எடு. இல்லைன்னா சின்னப் பிளேடை மாட்டி மொதல் வெட்டைப் போட்டுட்டு, பெருசை மாத்திக்க. சின்னப் பிளேடுக்கு நடு ஓட்டை உன்ற தண்டுக்குச் சேருதான்னு பாரு. 30 மில்லி, 25.4 மில்லின்னு பலது இருக்குது, ஏதோ ஒரு வாசரைப் போட்டு ஒப்பேத்தாத. சின்னப் பிளேடு பெருசை விட மொத்தமா இருக்கக்கூடாது. அதுமேல எழுதியிருக்கற சுத்து உன்ற மிசினோட சுத்துக்குக் கொறையக்கூடாது. பிளேடு மாத்தறப்ப பிளக்கு சுவத்துல இருந்தா நான் இந்த நாயத்தை இங்கயே நிறுத்திக்கறன்.

மூலமட்டத்தை வெச்சுப் பிளேடு நட்டமா நிக்குதான்னு பாரு. கோணலா நிக்கறப்ப வெட்டுன வாய் கடைசி வரைக்கும் கோணல்தான். ரைவிங் நைஃபைக் கழட்டி வையி, இல்லைன்னா அது பலகையில முட்டிக்கும். இப்பத்திக்கு மட்டுந்தான்.

பலகை எந்திரிக்காம எதுல அமுக்கறது? கையிலயே அமுக்கு மாப்ளே! பிளேடு எங்க வெளிய வருதுன்னு கண்டுபுடிக்கறதுக்கு உள்ளங்கையை விடத் தோதான எடம் கெடையாது. கீபோர்டுல 10 வெரலும் வெச்சா அடிக்கற? 6 பத்தாதா? கழுத்துல துண்டையும் போட்டுக்க, வேர்த்தாத் தொடைக்கலாம். கையில தொளதொளான்னு கிளவுஸ் ஒண்ணு மாட்டிக்க, பிளேடு புடிச்சு இழுக்கறதுக்கு வசதியா இருக்கும். கண்ணாடி எதுக்கு, ஆண்டவன் ரெண்டு கண்ணு குடுத்திருக்கறான்ல?

ஏன் மூஞ்சியைத் தூக்கற? இதுல எதையும் செய்யமாட்டீன்னா சரி. துண்டு, லுங்கி, முழுக்கைச் சட்டை, கிளவுஸ் எல்லாத்தையும் வாசல்லயே உட்டுட்டு வா. கண்ணாடியும் மூக்குக்கு மாஸ்க்கும் போடு. தடியான ரீப்பர் ஒண்ணைப் பலகைக்குக் குறுக்கால, பிளேடு உச்சி வர்ற எடத்தை உட்டுத் தள்ளி வெச்சு, ரெண்டு முனையையும் மேசையோட சேத்துக் கிளாம்ப்ல கட்டு. இல்லைன்னா ஃபென்ஸை நகத்தி, பிளேடு தொடாத பக்கமாப் பலகையோட ஓரத்து மேல ஏத்தி வெச்சுப் பூட்டு. கை ரெண்டும் மேசைக்கு மேல இல்லைன்னு ஆனதுக்கப்புறம், பக்கவாட்டுல நின்னுக்கிட்டு சுவிட்சைப் போடு.

பிளேடு முழு வேகம் புடிக்கட்டும். அப்புறம் ஏத்தற சக்கரத்தைக் கால் சுத்து திருகு. அடியில இருந்து கரகரன்னு ஒரு சத்தம் வரும், பலகைக்குள்ள பல்லு எறங்கிருச்சுன்னு அர்த்தம். திருகறதை நிறுத்திக் காத்திரு. சத்தம் லேசானதும் இன்னொரு கால் சுத்து. பிளையில ஒட்டியிருக்கற பசை சூடாகி வாசம் வரும். கருகல் வாசமா மாறுச்சுன்னா நீ அவசரப்படறன்னு அர்த்தம், சித்த எறக்கி ஆற உடு. பலகையோட மேல்முகத்துல மொதல்ல ஒரு மெல்லிசுக் கோடு நிமிரும், பென்சில் கோட்டளவுக்கு மாவு எந்திரிக்கும், அதுக்கப்புறம் ஒரு பல்லு மினுக்குனு தெரியும். அங்கயே நின்னுராத. நீ வழக்கமா அறுக்கற ஒசரத்துக்கு ஒரு நூல் மேலயே போ. அப்புறம் நிறுத்து. பிளேடு முழுசா நிக்கற வரைக்கும் கிட்டக்கப் போகாத. செல்லுல போட்டோ எடுக்கறதுக்குக்கூட.

பிளக்கை உருவிட்டு, வெட்டுன பிளவை அதே கோட்டுல பின்னால நீட்டி ரைவிங் நைஃபுக்கு எடம் பண்ணு. இதைத்தான் பாதிப்பேரு செய்யறதில்ல. பலகை பாங்கா அமைஞ்சுருச்சுங்கற சந்தோசத்துல நைஃபைக் கழட்டுனது கழட்டுனபடியே மூலையில போட்டுர்றாங்க. பின்னால தகடு இல்லைன்னா அறுந்த பலகை மூடிக்கிட்டுப் பின்பக்கப் பல்லைப் புடிக்கும், அடுத்த நொடி கட்டை உன்மேல திரும்பும். சிராய் இல்லாத அழகான கட்டை வகுத்துல பட்டாலும் நோவு அதேதான்.

அமெரிக்காவுல ஸ்டீபன் காஸ்னு ஒருத்தரு, காப்புரிமை வக்கீலு, பௌதிகத்துல டாக்டர் பட்டம் வாங்குனவரு, 1999 வாக்குல ஒரு ரோசனை பண்ணுனாரு. பிளேடுல சதை பட்டதும் 5 மில்லி செகண்டுக்குள்ள ஒரு அலுமினியக் கட்டை பாய்ஞ்சு பிளேடை நிறுத்திரும். சாஸ்டாப்புன்னு கம்பெனி. ஊரு ஊராப் போயி சாஸேஜை வெச்சு நிறுத்திக் காமிச்சாங்க. அந்த மிசினுக்குப் பலகை செய்யறவன் அலுமினியத்துல செஞ்சுட்டுப் பிளேடுல உரச உட்டான்னா, அது மனுசன் வெரல்னு நெனைச்சுக்கிட்டு பிரேக்கு போட்டுரும், பிளேடும் பிரேக்கும் ரெண்டும் போச்சு. உன்ற மிசினு அத்தனை வெவரமில்ல. அதுக்கு சாஸேஜும் ஒண்ணுதான், மாப்பிள்ளையும் ஒண்ணுதான்.

பெரிய மாடுலர் கிச்சன் பட்டறைங்கள்ல இந்தச் சோலியே இல்லாம வேற வழி வெச்சிருக்கறாங்க. ஆல்டன்டார்ஃபுன்னு ஜெர்மன் கம்பெனி 1906-ல ஆரம்பிச்சது, பலகையோட சேந்து மேசையே நகர்ற மாதிரி பேனல் சா அந்த வழியில வந்ததுதான். அதுல பெரிய பிளேடுக்கு முன்னால ஒரு குட்டிப் பிளேடு எதிர்ப்பக்கமாச் சுத்தி, அடிப்பக்க மைக்காவை மட்டும் லேசாக் கீறி உட்டுரும். அப்புறம் பெருசு வந்து மிச்சத்தை அறுக்கும். ரெண்டு பக்கமும் சுத்தம். அதை வாங்கலாமா மாமான்னு நீ வாயைத் தொறக்கறதுக்கு முன்னாலயே சொல்றன், மாட்டுக்கொட்டாய் பத்தாது.

பலகை போட்டதுக்கப்புறம் அறுத்துப் பாரு. நல்ல முகம் மேலயே இருக்கட்டும், அது மாறாது. கையில புடிச்சு அறுக்கற ரம்பத்துலதான் நல்ல முகம் கீழ, ஏன்னா அதுல பல்லு கீழ இருந்து மேல வருது. பிளேடு அறுக்கற பிளைக்கு மேல ரெண்டு நூல் தெரிஞ்சாப் போதும். அடிப்பக்கத்தைத் தடவு. ரெண்டு பக்கமும் மைக்கா ஒட்டுனதுலகூட வித்தியாசம் தெரியும். ஒரு கெடுதலும் உண்டு, மறைக்க மாட்டன். முன்னாடி சந்து வழியாக் கீழ போன தூளுல ஒரு பங்கு இனிப் பல்லோடயே சுத்தி மேல வந்து உன்ற மேல தெளிக்கும். வேக்குவம் வெச்சிருந்தாலும்தான். மாஸ்க்கு சொன்னது அதுக்கும் சேத்து.

இன்னொண்ணு, இந்தப் பலகை உக்காந்திருக்கறப்ப பிளேடைச் சாய்க்காத. சாய்ச்சா வாயோட ஓரத்தை மென்னு தின்னுரும், அப்புறம் அதுவும் கம்பெனித் தகடும் ஒண்ணுதான். சாய்வுக்கு வேற பலகை, மெல்லிசுப் பிளேடுக்கு வேற பலகை. அதனால தகட்டை டேப்புல ஒட்டுன சூட்டோட நாலஞ்சு பலகை ஒட்டுக்கா வெட்டி வெச்சுரு. எந்தப் பிளேடுக்கு எதுன்னு ஒவ்வொண்ணோட முதுகுலயும் மார்க்கர்ல எழுது. வெரல் ஓட்டை இருக்குதுல்ல, அதுல ஆணி கோத்துச் சுவத்துல தொங்க உட்டுரலாம். கம்பெனித் தகட்டைத் தூக்கி எறிஞ்சறாத, அடுத்த தடவை அதுல இருந்துதான் கோடு போடணும்.

நாளைக்கு மத்தியானம் என்ற ஸ்டீல் ஸ்கேலை எடுத்துக்கிட்டு வர்றன். மட்டத்தையும் பின்னால ஆணியையும் நான் பார்த்ததுக்கப்புறம் மிசினைப் போடு, அது வரைக்கும் சுவிட்சு பக்கம் போகாத. நாட்டுக்கோழி அடிச்சு வெக்கச் சொல்லி அம்மிணிகிட்டச் சொல்லிரு. பண்ணை முட்டையை அவிச்சு வெச்சு ஏமாத்தலாம்னு பார்க்காதீங்க, நான் முட்டை லாரிக்கே கூண்டு கட்டுனவன்.